தன் ஊருக்கு அணை கட்டாத தலைவர்

ஏழாயிரம்பண்ணைக்கு வடக்கே வைப்பாறு இருக்கிறது. ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் மணலையும் சீமைக் கருவேலையும்தான் காண முடியும். ஐப்பசி கார்த்திகையில் மேற்கே மலையில் நல்ல மழை பெய்தால் செந்நீர் புரண்டு வரும். சில நாள் ஓடும். பிறகு மறுபடியும் மணல்தான். இரு கரையிலும் விரிந்து கிடப்பது கரிசல். கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. விதைத்தது விளையாத வருஷங்களில் இந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பெரிய வைத்தது தீப்பெட்டியும் பட்டாசும்தான்.

இந்தப் பூமியில் கட்சி வேலை செய்கிற ஊழியர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி சந்திக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் கேட்கிறார்கள். பட்டாசு ஆலை வாசலில் கேட்கிறார்கள். காமராஜர் நாடெங்கும் அணை கட்டினார் என்கிறீர்களே, அவர் பிறந்த ஜில்லாவுக்கு எந்தப் பெரிய அணையைக் கட்டினார் என்பதே அந்தக் கேள்வி. ஒன்பது வருஷத்துக்கு மேல் கோட்டையில் இருந்தார். சாத்தூர்த் தொகுதியே அவரை இரண்டு முறை சட்டசபைக்கு அனுப்பியது. அப்படியிருந்தும் வைகைக்கு அணை, மணிமுத்தாற்றுக்கு அணை, தென்பெண்ணைக்கு அணை. வைப்பாற்றுக்கு மட்டும் இல்லையே என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பிப் பதில் சொல்லக் கூடாது. அவருடைய வாழ்க்கையை முழுவதும் பார்த்தால்தான் அதற்கு உரிய விடை கிடைக்கும். நாம் இன்று அந்த வாழ்க்கையைத் தண்ணீரின் பக்கமாக நின்று பார்க்க விரும்புகிறோம்.

வறண்ட மண்ணின் பிள்ளை

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தார் காமராஜர். அந்த ஊரே இன்று விருதுநகர். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். க்ஷத்திரிய வித்தியாசாலையில் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். ஆறு, வாய்க்கால், நஞ்சை என்பவற்றை அந்த ஊர்ப் பிள்ளைகள் கதையில்தான் கேட்டிருப்பார்கள். விருதுநகரின் செல்வம் கடையிலும் தராசிலும் பிறந்ததே தவிர வயலில் பிறந்தது அல்ல. விளைச்சல் இல்லாத மண், மனிதனை வியாபாரத்துக்கும் கூலிக்கும் துரத்துகிறது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும் இந்த வறட்சி தந்த உந்துதலால்தான்.

கடையில் வைத்தும் பையன் அரசியல் கூட்டங்களை விடவில்லை. அந்தச் சிந்தை மாறட்டும் என்று வீட்டார் அவரைத் திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமன் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சிந்தை மாறவில்லை. வைக்கம் போராட்டத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தப் பிரயாணத்தில் அவர் ஒன்றைக் கண்ணால் கண்டிருப்பார். மலைக்கு மேற்கே ஆறுகள் கரை புரண்டு கடலுக்கு ஓடுகின்றன. அதே மலைக்குக் கிழக்கே குடிக்கும் தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடக்கிறார்கள். இடையில் இருப்பது ஒரு மலைச்சுவர்தான்.

அதற்குப் பிறகு வந்தது சிறை வாழ்வு. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு அலிப்பூர்ச் சிறைக்குப் போனார். 1937-ல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்கு வந்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானார். 1941-ல் அவர் வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராக்கினார்கள். விடுதலையாகி வந்தவுடன் அந்தப் பதவியை ராஜிநாமா செய்தார். 1942 ஆகஸ்டுப் புரட்சியில் மறுபடியும் கைதாகி மூன்று வருஷம் கம்பிக்குள் இருந்தார். மொத்தத்தில் ஒன்பது ஆண்டு அளவுக்குச் சிறையில் கழிந்தது அவர் வாழ்வு. பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடச் சிறையில் இருந்ததே அதிகம்.

1954 ஏப்ரல் 13-ல் அவர் முதல் மந்திரியானார். மந்திரிசபையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டுப் பேரைக் கொண்டு அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் முக்கியமானவை மூன்று. ஒன்று பள்ளிக்கூடம், இரண்டு மின்சாரம், மூன்று தண்ணீர்.

யார் தொடங்கினார், யார் முடித்தார்

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்நாளைய அணைகள் எல்லாவற்றையும் காமராஜர் ஒருவரே நினைத்து, ஒருவரே தொடங்கி, ஒருவரே முடித்தார் என்று மேடையில் பேசுகிற பழக்கம் நம்மவர்களில் சிலருக்கு உண்டு. அது சரியல்ல. கீழ்பவானி அணையின் வேலை 1948-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாகவும் பக்தவத்சலம் மந்திரியாகவும் இருந்தபோதே தொடங்கிற்று. அதன் பின் நம் பக்கத்து ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவும், அவருக்குப் பின் ராஜாஜியும் அந்தப் பொறுப்பைச் சுமந்தார்கள். ஓய்வில்லாமல் மலையிலும் காட்டிலும் அலைந்து அளந்தவர்கள் பொறியாளர்கள். கல் உடைத்தவர்களும் கூடை கூடையாக மண் சுமந்தவர்களும் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும்.

அப்படியானால் காமராஜரின் பங்கு என்ன? யோசனைகள் காகிதத்தில் தூங்குவதுதான் சர்க்கார் இயல்பு. பணம் இல்லை, சிமிட்டி இல்லை, பக்கத்து ராஜ்யம் சம்மதிக்கவில்லை என்று சொல்லிப் பத்து வருஷம் கடத்திவிடலாம். அவர் கடத்தவில்லை. 1955-ல் கீழ்பவானி நிறைவுற்றது. 1958-க்குள் மணிமுத்தாறு, சாத்தனூர், அமராவதி, கிருஷ்ணகிரி அணைகளில் தண்ணீர் நின்றது. 1959 ஜனவரி 21-ல் வைகை அணை திறக்கப்பட்டது. ஐந்தே வருஷத்தில் இத்தனை ஆறுகளுக்குக் கரை கட்டிய காலம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மராமத்து இலாகா 1957 முதல் கக்கன் கையில் இருந்தது. மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெரியாற்றுக் கால்வாயின் அருமை தெரிந்த சீமை அது. குளத்தில் இறங்கித் தண்ணீர் மொள்ள உரிமை மறுக்கப்பட்ட ஜனங்களிடையே இருந்து வந்த ஒருவர், வைகை அணை நிர்மாணத்துக்குப் பொறுப்பேற்ற மந்திரியாக நின்றார். அணையின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். இந்த உயரத்தை எந்த அடிக்கோலால் அளப்பது?

ஒரு சொட்டுக்கு மூன்று வேலை

அணை என்றால் என்ன என்பதைத் தொழிலாள நண்பர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அது தண்ணீரைத் தேக்கும் சுவர் மட்டுமல்ல. பயிருக்குத் தண்ணீர், ஆலைக்கு மின்சாரம், ஊருக்கு வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு என்று மூன்று வேலை அதற்கு உண்டு.

வைகையை எடுத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாற்றில் பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே இறங்கிற்று. ஆனால் அறுபது வருஷம் அந்தத் தண்ணீர் மலையுச்சியிலிருந்து சும்மா விழுந்தது. அந்த விழுகிற வேகத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது! அதை வீணாக்கலாமா? காமராஜர் காலத்தில் மலையடிவாரத்தில் பெரியாறு மின்நிலையம் எழுந்தது. தலா 35 மெகாவாட் சக்தியுள்ள நான்கு இயந்திரங்கள் 1958 முதல் 1965 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. இயந்திரத்தைச் சுழற்றிய தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லுக்குப் பாய்கிறது. மிச்சம் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் உள்ள வைகை அணையில் வந்து நிற்கிறது. அங்கே 71 அடி வரை தேக்குகிறார்கள். முன்பு பெருமழையில் வந்த வெள்ளம் மதுரையைப் பயமுறுத்திவிட்டுக் கிழக்கே போய்விடும். அது போன பிறகு பயிர் வாடும். இப்போது அந்த வெள்ளத்தை நிறுத்தி, வேண்டும்போது திறந்து, மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்து வயல்களுக்கும் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்கும் அனுப்ப முடிகிறது. மதுரை நகரத்துக்குக் குடிநீரும் அங்கிருந்தே வருகிறது. ஒரே சொட்டுத் தண்ணீர் மலையில் மின்சாரமாகி, பள்ளத்தாக்கில் நெல்லாகி, நகரத்தில் குடிநீராகிறது.

மணிமுத்தாறு மற்றோர் உதாரணம். தாமிரபரணியின் உபநதியான அது மழைக்காலத்தில் பெருக்கெடுத்துக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு அணை எழுந்தது. 118 அடி தேக்கலாம். ஐந்தரை டி.எம்.சி. தண்ணீர் நிற்கும், அதாவது 550 கோடி கன அடி. அதிலிருந்து வெட்டிய புதிய கால்வாய் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட தேரிப் பிரதேசத்தை நோக்கிப் போகிறது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் புதிதாகப் பாசனம் கிடைத்தது. பழைய நஞ்சைக்காரருக்கு மூன்றாம் போகம் கொடுக்க அந்தத் தண்ணீரைச் செலவிட்டிருக்கலாம். வாக்கும் வசதியும் உள்ளவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆயினும் ஒரு போகமும் காணாதவன் பக்கம் அந்தக் கால்வாய் திரும்பிற்று.

தென்பெண்ணையின் சாத்தனூர் அணை 119 அடி. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்து நிலங்களுக்கு அதுவே ஆதாரம். அமராவதி அணை உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களுக்கு உயிர். நீலகிரியில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் எழுந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வதில் அந்நாளில் சென்னை ராஜ்யம் இந்தியாவிலேயே முன்வரிசையில் நின்றது.

மலைக்கு அப்பால் இருந்தவரோடு

எல்லா அணைகளிலும் கடினமானது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஆனைமலையின் மேற்கு முகத்தில் ஓடும் ஆறுகளை அணைகளால் மறித்து, சுரங்கங்களால் மலையைக் குடைந்து, கிழக்கே கோவை ஜில்லாவின் வறண்ட நிலத்துக்குத் திருப்புகிற வேலை. ஆறுகளில் பல கேரளத்தில் இருந்தன. பக்கத்து ராஜ்யம் தலையசைக்காமல் ஒரு கல்லும் நகர முடியாது. அப்போது கேரளத்தில் ஆண்டவர்கள் கம்யூனிஸ்டுகள். முதல் மந்திரி நம்பூதிரிபாட். இங்கே காங்கிரஸ், அங்கே கம்யூனிஸ்டு. தேர்தல் மேடையில் இரு கட்சியும் கடும் பகை.

ஆயினும் 1958-ல் இரு சர்க்காரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்த நம்பிக்கையின் மேல் வேலை தொடங்கிற்று. 1962-ல் ஆழியாறு அணை முடிந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் 1970 மே 29-ல்தான் கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் 9 முதல் அது நடப்பில் உள்ளதாகக் கொள்ளப்பட்டது. கையெழுத்துக்குக் காத்திருந்தால் பன்னிரண்டு வருஷம் வீணாகியிருக்கும். இன்று கோவை, திருப்பூர் ஜில்லாக்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பி நிற்கிறது.

1956-ல் ராஜ்யங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அதற்காகக் காமராஜரைக் குறை கூறுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். எல்லையில் இழந்தது பெரிது. ஆனால் எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் தண்ணீருக்குப் பேசித்தான் வழி தேட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். பேசினார்; பெற்றார். பகையை வளர்த்துக் கைதட்டல் வாங்குவது எளிது. அதில் ஒரு வாய்க்காலும் நனையாது.

வைப்பாற்றுக்கு ஏன் இல்லை

இப்போது ஏழாயிரம்பண்ணைக்காரரின் கேள்விக்கு வருவோம்.

அணைக்கு முதலில் வேண்டியது ஆறு. ஆற்றுக்கு வேண்டியது மழை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் மலையின் மேற்கு முகத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. காவிரிக்கும் தாமிரபரணிக்கும் இரண்டு பருவமும் உதவுகின்றன. வைப்பாற்றுக்கு ஒன்றுதான். சில நாள் ஓடுகிற ஆற்றுக்குக் குறுக்கே நூறடி அணை கட்டினால் அது சிமிட்டிக்கும் கல்லுக்கும் கட்டிய சமாதியாகத்தான் நிற்கும்.

கட்டியிருந்தால் அவருக்குப் பெயர் கிடைத்திருக்கும். கல்வெட்டில் ஊர்ப்பெயர் இருந்திருக்கும். ஓட்டும் கிடைத்திருக்கலாம். முதல் மந்திரி சொன்னால் பணம் ஒதுக்காமல் யார் மறுக்கப்போகிறார்? ஆனால் அதே பணம் மணிமுத்தாற்றில் போட்டால் இருபதாயிரம் ஏக்கர் விளையும் என்றால், பணம் எங்கே போக வேண்டும்? ஆறு இருக்கிற இடத்துக்கும் பசி இருக்கிற இடத்துக்கும் அது போயிற்று. தன் தொகுதி, தன் ஜாதி, தன் வீதி என்று கணக்குப் பார்த்துக் கால்வாய் வெட்டுகிறவன் தலைவனாக இருக்க முடியாது.

விருதுநகரில் வயதானவர்கள் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. அவருடைய தாயார் சிவகாமி அம்மையார் வீட்டுக்கு நகராட்சியிலிருந்து தனியாக ஒரு குழாய் இணைப்பு கொடுத்திருந்தார்களாம். முதல் மந்திரியின் தாய், தள்ளாத வயது, தெருக் குழாய்க்குப் போக வேண்டாமே என்று அதிகாரிகள் செய்த மரியாதை. செய்தி காதுக்கு எட்டியதும் அந்தக் குழாயை எடுக்கச் சொல்லிவிட்டார் மகன். ஊரில் எல்லோரும் தெருக் குழாயில் பிடிக்கும்போது தன் வீட்டுக்கு மட்டும் தனிக் குழாயா என்பதுதான் அவர் நினைப்பு. ஒரு குழாய்த் தண்ணீரைப் பெற்ற தாய்க்கே தனியாக விடாதவர், ஓர் ஆற்றுத் தண்ணீரைத் தன் தொகுதிக்குத் தனியாக விட்டிருப்பாரா?

அதற்காக இந்தப் பூமியை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தண்ணீராக வர முடியாத அணை, மின்சாரமாக இங்கே வந்தது. ராஜபாளையத்து நூல் ஆலைகளும் சிவகாசி அச்சகங்களும் விருதுநகர் எண்ணெய்ச் செக்குகளும் எங்கோ மலையில் விழும் தண்ணீரின் சக்தியால் ஓடத் தொடங்கின. பட்டாசு அறைக்குள் மின்விளக்கு எரியக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அங்கே பகல் வெளிச்சத்தில் வேலை செய்துவிட்டு வருகிற தொழிலாளியின் வீட்டில் மாலையில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கடியில் பிள்ளை படித்தது. பக்கத்து எட்டயபுரத்தில் 1956-ல் அவர் தொடங்கி வைத்த மதிய உணவு, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது.

தோல்வியும் முடிவும்

1963 அக்டோபர் 2-ல், கட்சிப் பணிக்காகத் தாமே வகுத்த திட்டத்தின்படி முதல் மந்திரி பதவியை விட்டு இறங்கினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியப் பங்கு வகித்தார். அதன் பின் 1967-ல், பிறந்த விருதுநகரிலேயே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தமிழ்நாடே நம் கட்சியைக் கோட்டையிலிருந்து இறக்கிய தேர்தல் அது. அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் அந்தத் தீர்ப்பை எழுதின. மக்கள் மேல் அவர் கோபப்படவில்லை. தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றார். 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

1975 அக்டோபர் 2-ல், காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னையில் அவர் உயிர் பிரிந்தது. கடைசிவரை வாடகை வீடு. மனைவி மக்கள் இல்லை. நிலம் இல்லை. இத்தனை லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் பாயச் செய்தவருக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் நஞ்சை இல்லை.

நமக்கு விட்டுப்போன கடன்

நண்பர்களே, பிறந்த நாளில் மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இதை எழுதவில்லை. அவர் கட்டியவை இன்று எப்படி இருக்கின்றன?

அணைகளில் வண்டல் ஏறியிருக்கிறது. வைகை அணை கட்டியபோது பிடித்த அளவு தண்ணீரை இன்று பிடிப்பதில்லை. மணிமுத்தாற்றுக் கால்வாயின் கடைசிப் பகுதிகளுக்குத் தண்ணீர் வந்து சேர்வது ஒவ்வொரு வருஷமும் போராட்டமாக இருக்கிறது. யாருக்காகக் கால்வாய் வெட்டினாரோ அந்தக் கடைமடைக்காரனே கடைசியில் நிற்கிறான்.

வெள்ளமும் நம்மை எச்சரித்துவிட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்துத் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறி, தென்பெண்ணைக் கரையூர்கள் தத்தளித்தன. அணையின் மூன்று வேலைகளும் ஒன்றோடொன்று மோதுவது இத்தகைய நாட்களில்தான். பயிருக்காக அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதில் காலியிடம் இருக்க வேண்டும். மின்சாரத்துக்காகத் தண்ணீர் சீராக இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். மழையை முன்கூட்டி அறிந்து, எவ்வளவு தேக்குவது, எப்போது திறப்பது என்று நாளுக்கு நாள் தீர்மானிக்கிறவர்கள் விழிப்பாக இல்லாவிட்டால் காவலாக நிற்க வேண்டிய அணையே அபாயமாகிவிடும். அணையைக் கட்டுவது ஐந்து வருஷ வேலை. காப்பது தலைமுறைகளின் வேலை.

நம் வைப்பாற்றுக்கு என்ன செய்வது? காமராஜருக்குப் பின் வந்த சர்க்கார்கள் பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, இருக்கன்குடி என்று சிறிய அணைகளைக் கட்டின. நல்ல காரியம். ஆனால் வானம் பொய்த்தால் அவையும் பொய்க்கின்றன. இந்தப் பூமிக்கு நிரந்தரமான வழி, மலைக்கு அப்பால் உள்ள தண்ணீரில் ஒரு பங்குதான். பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரை வைப்பாற்றில் இணைக்கும் யோசனையைத் தேசிய நீர் வளர்ச்சி முகமை ஆராய்ந்து 1995-ல் அறிக்கை கொடுத்தது. மூன்று அணைகள், மலையைக் குடைந்து ஒரு சுரங்கம், 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 22 டி.எம்.சி.; 91,400 ஹெக்டேர் பாசனம்; 508 மெகாவாட் மின்சாரம். கேரளம் இசையவில்லை. குட்டநாட்டு வயல்களுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் நன்னீர் குறைந்து உப்பு ஏறிவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர்களும் உழவர்கள்தான். உபரி எவ்வளவு, எந்த மாதத்தில் உபரி, அவர்கள் வயலுக்குக் காப்பு என்ன என்று கணக்கை விரித்து வைத்துப் பேச வேண்டும். எதிர்க்கட்சி ஆண்ட கேரளத்தோடு 1958-ல் பேசி முடிக்க முடிந்தது என்றால் இன்று ஏன் முடியாது?

இது வெறும் வயல் பிரச்னை அல்ல. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் கருகின. ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் சாவு விழாத வருஷம் அரிது. அந்த அறைக்குள் போகிற பெண்ணுக்கும் ஆணுக்கும் வேறு வேலை இல்லை. ஊரில் தண்ணீர் இருந்தால், இரண்டு ஏக்கர் கரிசல் ஒழுங்காக விளைந்தால், ஆபத்தான கூலியை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வரும். கேட்கிற கூலியையும் கேட்கிற பாதுகாப்பையும் முதலாளி கொடுக்க வேண்டி வரும். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ஆலைத் தொழிலாளியின் கையையும் பலப்படுத்தும்.

ஆகவே ஊழியர்களுக்கு நாம் சொல்வது இரண்டு. வைப்பாற்று இணைப்புக்காகக் குரல் கொடுங்கள். ஆனால் நம் தொகுதி என்பதற்காகக் கேட்காதீர்கள். தண்ணீர் இல்லாத பூமி என்பதற்காகக் கேளுங்கள். அதுதான் அவர் வைத்திருந்த அளவுகோல். மற்றது, அந்தத் தண்ணீர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்கு முன் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு முறை நடந்து பாருங்கள். வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா, மடை உடைந்திருக்கிறதா, கலுங்கு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பேரைச் சேர்த்து மண்வெட்டி எடுங்கள். அதிகாரி வரவேண்டிய வேலைக்கு மனுக் கொடுத்து விடாமல் துரத்துங்கள்.

டீக்கடையில் மறுபடியும் அந்தக் கேள்வி வரும். காமராஜர் எங்களுக்கு என்ன அணை கட்டினார் என்று கேட்பார்கள். தன் ஊருக்கு என்று ஓர் அணையும் கட்டாமல் எல்லா ஊருக்கும் கட்டினார் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். மிச்சம் வைத்துப் போனது நம் கடன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரைக்கு நடங்கள்.